ஒருபிடியாரின் வலது கை

முதல் லாரி பின்பக்கமாக ஊர்ந்து வந்து சரக்கைக் கொட்டி முடிப்பதற்குள் அவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டிருப்பார். மேலே கிடப்பதை நம்ப மாட்டார். மேலே கிடப்பது காற்று வாங்கிய மேனாமினுக்கி, உண்மை உள்ளேதான் இருக்கும் என்பது அவர் கட்சி. உள்ளேயிருந்து ஒரு பிடி மரச்சில்லை அள்ளி, இறுக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து விரலைத் திறப்பார். சில்லுகள் ஒட்டி நிற்கின்றனவா, உதிர்கின்றனவா, உள்ளங்கையில் எவ்வளவு பிசுபிசுப்பு என்று பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம். "முப்பத்தெட்டு," என்பார். அதே சில்லை ஆய்வகத்தில் நான்கு மணி நேரம் சூட்டில் காயவைத்து எடை போட்டால், நூற்றுக்கு முப்பத்தேழரை பங்கு ஈரம் என்று சீட்டு வரும். அந்த அரையை அவர் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. "மெஷின் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் அந்த நிலையத்தில் அவர் பாய்லர்காரர். இருபத்தாறு வருஷம் ஆகிறது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, வாயில் வழங்குவது 'ஒருபிடியார்' என்பதுதான். பாய்லர் அறையில் அவர் முன்னால் ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. அடுப்புக்குள் சில்லு எவ்வளவு வேகமாக விழ வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். வலப்பக்கம் திருகினால் தீனி கூடும், இடப்பக்கம் திருகினால் குறையும். யார் என்ன அளவு சொன்னாலும் அந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டு, இன்னும் ஒரு நூல் வலப்பக்கம் திருகுவார். "எதுக்கும் ஒரு பிடி கூட இருக்கட்டும்." இதைக் கேட்டுக் கேட்டு ஆலையே அவருக்கு அந்தப் பெயரை வைத்தது.

வீட்டிலும் அதே கதைதான். இரண்டு பேருக்கு உலை வைத்தால் மூன்றாவது ஆளுக்கு ஒரு பிடி அரிசி விழும். அந்த மூன்றாவது ஆள் யாரென்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். ஆறு மணி பேருந்துக்கு ஐந்து மணிக்கே நிலையத்தில் நிற்பார். வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் தொலைபேசியில் "சரி, வச்சிடறேன்" என்று சொன்ன பிறகுதான் உண்மையான பேச்சையே ஆரம்பிப்பார். மகள் விவரமானவள். முதல் "வச்சிடறேன்" வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாளாம்.

இப்படிப்பட்ட மனிதரின் தலையில்தான் போன வருஷம் சூரியனைக் கொண்டுவந்து கட்டினார்கள்.

விஷயம் எளிமையானது. பக்கத்துத் தோப்புகளும் மர அறுவை மில்களும் கொடுத்தது போதாமல், மூன்று மணி நேரத் தொலைவிலிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன. சில்லை எரித்து மின்சாரம் எடுப்பதா, சில்லைக் கொண்டுவருவதற்கே எல்லாவற்றையும் எரித்துவிடுவதா என்ற நிலைமை. அதனால் ஆலையின் பின்பக்கத்து வெட்டவெளியில் ஆறு வரிசையாகக் கண்ணாடி நிறுத்தினார்கள். நெடுக்கில் பிளந்த பெரிய குழாய் போல வளைந்த கண்ணாடி, வளைவின் நடுவே ஒரு கறுப்புக் குழாய். சூரியன் நகர நகரக் கண்ணாடியும் தலையைத் திருப்பி, வெயிலையெல்லாம் அந்தக் குழாய் மேல் கொட்டும். பாய்லருக்குப் போகிற தண்ணீர் முதலில் அந்தக் குழாய் வழியாக ஓடி, கைவைக்க முடியாத சூட்டில்தான் உள்ளே நுழையும். பச்சைத்தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் வெந்நீரைக் கொதிக்கவைக்கவும் ஒரே விறகா ஆகும்? இவ்வளவுதான். பத்து லாரி எரிகிற இடத்தில் ஒன்பது போதும் என்று காட்ட வேண்டும், அதற்கு ஒரு வருஷம் தவணை, தவணை முடிகிற கடைசி இரண்டு வாரக் கணக்குதான் செல்லும். காட்டாவிட்டால் கண்ணாடிகளைக் கழற்றி வேறு ஆலைக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

ஒருபிடியாருக்குச் சூரியன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். "அவரு பார்ட் டைம் ஆளு," என்பார். "காலைல மெதுவா வருவாரு, சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிடுவாரு. நடுவுல ஒரு மேகம் கூப்பிட்டா போதும், லீவ் லெட்டர்கூட குடுக்காம போயிடுவாரு. நானும் என் சில்லும் அப்படியா?"

ஆனாலும் கண்ணாடி வந்ததில் அவருக்கு ஒரு பெரிய லாபம். அவர் மனைவி பதினான்கு வருஷம் அதே ஆலையின் சில்லு முற்றத்தில் வேலை பார்த்தவர். ஓடுகிற பட்டையின் ஓரம் நின்று, சில்லோடு வருகிற ஆணி, கல், கம்பித் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கும் வேலை. மூக்கில் துணியை எத்தனை சுற்று சுற்றினாலும் தூசு தூசுதான். கடைசி நாலைந்து வருஷமாக இருமல் அவரை ஆட்டிப்படைத்தது. கண்ணாடி கழுவ எட்டுப் பெண்கள் வேண்டும் என்றபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார், இப்போது அந்த எட்டுப் பேருக்கும் அவர்தான் தலைவி. விடியலில், கண்ணாடி சூடேறுவதற்கு முன், நீளக்கம்பு மாப்பால் ஆறு வரிசையையும் கழுவிவிடுவார்கள். பிறகு மதியம் தாண்டும்வரை களை பிடுங்குவது, பறவை எச்சம் துடைப்பது, விரிசல் பார்ப்பது. வெட்டவெளி, சுத்தமான காற்று. மூன்றாம் மாதமே இருமல் போன இடம் தெரியவில்லை.

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒருபிடியாரின் முகமே மாறிவிடும். "முன்னெல்லாம் என்னைத் திட்ட ஆரம்பிச்சா பாதியில இருமல் வந்துரும். தண்ணி குடுக்கணும், முதுகைத் தடவணும். மீதித் திட்டு அவளுக்கே மறந்துரும். இப்ப ஒரே மூச்சுல திட்டுறா. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?" சொல்லும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். அதைத் துடைக்காமல் அப்படியே சிரிப்பார்.

பதினோராம் மாதம் பிறந்தபோது இன்ஜினியரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் திட்டம் அவர் பொறுப்பு. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எப்போதும் ஒரு காதில் பேனா செருகியிருப்பார், இன்னொரு பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார். கண்ணாடிக் குழாயிலிருந்து வெந்நீர் சொன்ன சூட்டில் வருகிறது. வெப்பமானி பொய் சொல்லவில்லை. ஆனால் சில்லுக் குவியல் பழையபடிதான் கரைகிறது. பத்துக்கு ஒன்பது ஆகவில்லை, ஒன்பதே முக்காலில் நொண்டியடிக்கிறது. சூடு உள்ளே போகிறது, விறகு மிச்சமாகவில்லை என்றால் நடுவில் யார் தின்கிறார்கள்?

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் கண்ணாடி மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சரியா கழுவறாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். தலைவி அங்கேயே நின்றிருந்தார். மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். ஒரு முறை கழுவியதை இரண்டு முறை கழுவினார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. சாயங்காலம் ஒருபிடியார் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் களிம்பு தடவுவார். ஒரு பிடி கூடத்தான் தடவுவார், விரலெல்லாம் வழுக்கும். "கண்ணாடி போச்சுன்னா நான் மறுபடி பட்டைக்குத்தான் போகணும்," என்று மனைவி சொல்வார், குற்றமாக இல்லை, சும்மா தகவல் போல. அவர் இன்னும் ஒரு பிடி களிம்பு எடுப்பார்.

இந்த இடத்தில் பாய்லர் அறையின் மஞ்சள் விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாய்லருக்குள் நீராவி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் கூரைமேல் ஒரு குழாய் தானாகத் திறந்து, மிச்ச நீராவியை வானத்தில் விட்டுவிடும். அப்போது ஒருபிடியாரின் பலகையில் பொட்டு அளவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அந்தக் குழாயில் அளவுமானி கிடையாது, அதனால் இன்ஜினியரம்மாவின் கணக்கிலும் அது இல்லை. ஒருபிடியாருக்கோ அந்த விளக்கு எரிந்தால்தான் நிம்மதி. வயிறாரச் சாப்பிட்டவன் விடுகிற ஏப்பம் மாதிரி அது. பாய்லருக்குக் குறைவில்லை, பசியில்லை என்று அர்த்தம். கண்ணாடி வந்த பிறகு அந்த விளக்கு அடிக்கடி எரிய ஆரம்பித்ததை அவர் கவனித்தார்தான். 'சரி, நல்லா சாப்பிடுது' என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நாள் மனைவி சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். ஒருபிடியார் அதை எடுத்துக்கொண்டு வந்தார், மதிய இடைவேளையில் கொடுக்கலாம் என்று. பதினோரு மாதத்தில் கண்ணாடி மைதானத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். வழக்கமாக அவருடைய சாப்பாடு குமிழ் பக்கத்திலேயே நடக்கும். அன்று குமிழைத் தன் வழக்கமான இடத்தில் நிறுத்தி, ஜன்னலில் கண்ணாடி இருளத் தொடங்கியதைப் பார்த்து எதற்கும் ஒரு நூல் கூட்டி, பலகையைச் சக ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

எட்டுப் பெண்களும் கண்ணாடி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன மேகம் கடந்து போய் வெயில் மறுபடி சுள்ளென்று அடித்தது. ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும், கட்டைக்குரல் பெண் ஒருத்தி, "அதோ, கிளம்பிருச்சு!" என்று கூவினாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆலைக் கூரையிலிருந்து வெள்ளை வெளேரென்று நீராவி எழும்பி, நீல வானத்தில் விரிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மனைவி, முகமெல்லாம் பூரிப்பாக. "எங்க கொடி! வெயில் நல்லா ஏறினா இது பறக்கும். இது பறந்தா எங்க கண்ணாடி பிரமாதமா வேலை செய்யுதுன்னு அர்த்தம். தினமும் இதைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடுவோம்."

"யாரு சொன்னா அப்படின்னு?"

"யாரு சொல்லணும்? கண்ணுதான் இருக்கே. மேகம் வந்துட்டுப் போனா இன்னும் ஜோரா பறக்கும். நேத்து நாலு தடவை!"

ஒருபிடியாரின் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு மாதமாக இன்ஜினியரம்மா தேடிக்கொண்டிருந்த திருடனை அவர் ஒரே நொடியில் பிடித்துவிட்டார். திருடன் அவர் வலது கைதான். மேகம் வந்ததும் அவர் ஒரு பிடி கூட்டுகிறார். சில்லு என்ன தீக்குச்சியா, போட்டதும் பற்ற? அது காய்ந்து, பிடித்து, நீராவி ஆவதற்குப் பத்து நிமிஷம். அதற்குள் மேகம் போய்விடுகிறது, சூரியனும் வந்துவிடுகிறது. சில்லின் சூடும் சூரியனின் சூடும் ஒன்றாகச் சேர்ந்து பாய்லருக்கு வயிறு வெடிக்கிறது, கூரைக் குழாய் திறக்கிறது. அந்த எட்டுப் பேர் கை தோலுரியக் கழுவிச் சேர்த்த வெயில் முழுக்க அந்த வழியாகத்தான் போகிறது. அதைப் பார்த்து அவர்களே கை தட்டுகிறார்கள்.

அப்படியே திரும்பி நடந்தார். பாய்லர் அறை வாசலில்தான் பார்த்தார், சாப்பாட்டு டப்பா இன்னும் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி ஆரம்பித்தார். "டப்பா குடுக்க வந்தவரு டப்பாவோட போயிட்டாரே! எட்டு பேரும் என்னை எப்படிக் கிண்டல் பண்ணினாங்க தெரியுமா? அவரு உன்னைப் பாக்கத்தான் வந்தாரு, சோத்தை மறந்துட்டாருன்னு. ஆளாளுக்கு ஒரு கை குடுத்து வயிறு முட்டிப் போச்சு."

ஒருபிடியார், மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். "அது கொடி இல்லம்மா," என்றார்.

"எது?"

"அந்த வெள்ளையா போறது. அது மிச்சம். வேஸ்ட். நீங்க சேத்த சூட்டை நான்தான் வானத்துல வுட்டுட்டு இருக்கேன். கண்ணாடில அழுக்கு இல்ல. என் கைதான்." எல்லாவற்றையும் சொன்னார். மேகம், குமிழ், பத்து நிமிஷம், மஞ்சள் விளக்கு.

மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வெடித்த விரல்களை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். "இதைப் பாருங்க. நல்லா பாருங்க. ரெண்டு ரெண்டு தடவை கழுவினோம். அந்த ஆளு விரலைத் தேச்சுப் பாத்தப்ப நான் கூசிப்போய் நின்னேன். வீட்டுக்கு வந்து உங்ககிட்டதான் சொல்லி அழுதேன். நீங்க களிம்பு தடவினீங்க! இங்க தடவிட்டு அங்க போய் குமிழைத் திருகினீங்களா?" ஒரே மூச்சில், ஓர் இருமல்கூட இல்லாமல், அக்கம்பக்கம் கேட்கத் திட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தத் திட்டு அவருக்கு நன்றாக இல்லை.

"தெரியாமத்தான் செஞ்சேன்."

"தெரியாம செஞ்சது சரி. எதுக்கு செஞ்சீங்க? எல்லாரும் சொன்ன அளவுல நிக்குறாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்கு அந்த ஒரு பிடி?"

ஒருபிடியார் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்தது. மகள் பிறந்த அன்று அவர் பாய்லரில் இருந்தார். மழையில் நனைந்த சரக்கு. புத்தகத்தில் போட்டிருந்த அளவைத்தான் போட்டார், ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீ சோர்ந்து, நீராவி இறங்கி, எந்திரம் நின்றுவிட்டது. ஊர் முழுக்க மின்சாரம் போனது. பட்டப்பகல்தான், ஆனால் மனைவி படுத்திருந்த பிரசவ அறைக்கு ஜன்னல் கிடையாது. தீயை மறுபடி எழுப்ப இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் இருட்டில் அவள் கிடக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, அழுதுகொண்டே சில்லு அள்ளிப் போட்டார். "அன்னிக்கு ஒரே ஒரு பிடி கூடப் போட்டிருந்தா நீ அந்த இருட்டுல கிடந்திருக்க மாட்ட. அதுக்கப்புறம் என் கை சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

மனைவி துணியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். கோபம் முழுசாகப் போகவில்லை, ஆனால் போகிற வழியில் இருந்தது.

"இதை எங்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது?"

"இருட்டுல எப்படி இருந்துச்சுன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "லைட் இருந்தப்பதான் எனக்குப் பயமா இருந்துச்சு. உங்கம்மா, எங்கம்மா, பெரியக்கா, நர்ஸு, எல்லாரும் சுத்தி நின்னு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாங்க. வலிச்சாலும் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன். லைட் போச்சு. அப்பாடான்னு ஆச்சு. யாருக்கும் தெரியாதேன்னு வாய்விட்டு அழுதேன். உங்களைத் திட்டினேன் பாருங்க, எனக்குத் தெரிஞ்ச அத்தனை கெட்ட வார்த்தையும். நர்ஸு என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. லைட் வந்துச்சு, பின்னாடியே பொண்ணும் வந்துட்டா. அந்த இருபது நிமிஷம் இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்."

அவர் மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் மனைவி. "யாரைக் காப்பாத்த அந்த ஒரு பிடி? நான் எப்பவோ வெளிச்சத்துக்கு வந்துட்டேன்."

மறுநாள் காலை ஒருபிடியார் நேராக இன்ஜினியரம்மாவின் மேசை முன் போய் நின்று, ஒன்று விடாமல் சொன்னார். இன்ஜினியரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். காதிலிருந்த பேனா கீழே விழுந்தது. பிறகு சிரித்துவிட்டார். "அண்ணே, நான் தேடாத இடமே இல்ல! உங்களை மட்டும்தான் தேடல." குழாய்களிலும் பாய்லரிலும் கிடக்கிற சூடே ஒரு சின்ன மேகத்தைக் கால் மணி நேரம் தாங்கும் என்று வரைந்து காட்டினார். பெரிய மேகம் என்றால் மட்டும் தீனியைக் கூட்டினால் போதும். ஆனால் பாய்லர் அறையின் ஒற்றை ஜன்னலிலிருந்து மைதானம்தான் தெரியும், வானம் தெரியாது. வருகிற மேகம் சின்னதா பெரியதா என்று உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு வழி சொன்னது மனைவிதான். நிழல் முதலில் கண்ணாடி மைதானத்தின் மேல்தான் ஏறும், வெட்டவெளியில் நிற்பவர்களுக்கு மேகத்தின் வாலும் தெரியும். "மாப்பை நட்டு வச்சா சின்ன மேகம், கையை எடுத்துட்டுச் சும்மா இருங்க. படுக்க வச்சா பெருசு, போட்டுக்கோங்க உங்க பிடியை."

சொல்வது சுலபம். முதல் நாள் மேகம் வந்தது, மாப் செங்குத்தாக நின்றது. ஒருபிடியார் அதைப் பார்த்தார், தலையாட்டினார், ஆனால் கை அதன் போக்கில் போய்க் குமிழைத் திருகிவிட்டது. பத்து நிமிஷத்தில் மஞ்சள் விளக்கு. மைதானத்தில் மனைவி கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அந்த நிற்பில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டது. இரண்டாம் நாள் கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திருகினார். மூன்றாம் நாள் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பை கிழிந்ததுதான் மிச்சம்.

ஆனால் மெல்ல மெல்ல மஞ்சள் விளக்கு குறைந்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை என்பது இரண்டாயிற்று, ஒன்றாயிற்று. முற்றத்துக் குவியல் கரைகிற வேகம் கண்ணுக்குத் தெரிந்தே தளர்ந்தது. கட்டைக்குரல் பெண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். "கொடி பறக்காம சோறு இறங்க மாட்டேங்குதே," என்பாள். தலைவி முறைத்தால் அடங்குவாள்.

தவணையின் கடைசி நாள். இன்ஜினியரம்மா காலையிலேயே பாய்லர் அறைக்கு வந்துவிட்டார். பத்துக்கு ஒன்பது என்ற கோட்டின் மேலேயே கணக்கு நின்றுகொண்டிருந்தது. "இன்னிக்கு மட்டும் வீணாக்காம ஓட்டிட்டோம்னா போதும்ணே. கண்ணாடி இங்கயே நிக்கும்." வானம் என்னவோ அன்றைக்கென்று வேண்டுமென்றே மேகத்தைப் பொதி பொதியாக ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் ஐந்து மேகம். ஐந்துக்கும் மாப் நின்றது, ஐந்தும் விளக்கு எரியாமல் தாண்டின. ஒருபிடியாரின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

ஆறாவது மேகம் உச்சிவெயிலில் வந்தது. மைதானத்தில் முதல் வரிசைக் கண்ணாடி இருண்டது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஆறும் இருண்டன. வெந்நீரின் சூட்டைக் காட்டும் முள் இறங்கியது. இதற்கு முன் எந்த மேகத்துக்கும் இறங்காத இடம்வரை இறங்கியது. நீராவியின் முள்ளும் பின்னாலேயே சரிந்தது. எச்சரிக்கை மணி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. இன்ஜினியரம்மா எழுந்து நின்றுவிட்டார். ஒருபிடியாருக்கு அந்த மணிச் சத்தத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை தெரிந்தது. வலது கை தானாக எழும்பிக் குமிழை நோக்கிப் போனது.

ஜன்னலுக்கு வெளியே, இருண்ட கண்ணாடிகளுக்கு நடுவே, மாப் செங்குத்தாக நின்றது. அதைப் பிடித்திருந்தவர் வானத்தைப் பார்க்கவில்லை, மேகத்தின் வாலைப் பார்க்கவில்லை. அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, நேராக இந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருபிடியார் குமிழைத் தொட்ட வலது கையை இடது கையால் பிடித்து இழுத்து, நாற்காலியில் தன் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்துகொண்டார்.